மழை வருகிறதென்று கத்தினேன்

கடந்த ஜூலை பதினேழாம் திகதி, பிற்பகல் இரண்டு மணி இருபது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் விரித்திருந்த படங்கில் பதினொரு கிலோ மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

என் மனைவிக்குக் கர்ப்பப்பை கீழிறங்கியதற்குச் சத்திரசிகிச்சை நடந்து அன்றோடு இருபத்தாறு நாள். ஆறு வருடம் வெட்கப்பட்டு என்னிடம்கூட மறைத்த வருத்தம் அது. மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். நானே சமைத்தேன், தண்ணீர் சுமந்தேன்.

முதல் துளி விழுந்ததும், "மழை! மிளகு!" என்று கத்திவிட்டேன். நாற்பது வருடப் பழக்கம். நான் செருப்பைத் தேடுவதற்குள் அவள் கட்டிலிலிருந்து ஓடிவந்து, படங்கை மிளகோடு சேர்த்துத் தூக்கி இழுத்துவிட்டாள்.

"ஏய், ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"நீங்கதானே கத்துனீங்க? நனைஞ்சா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்களே" என்று சிரித்தாள். சிரித்தபடியே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னங்க, மறுபடி எறங்கிருச்சு."

இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்தால் ஏற்கெனவே பலவீனமான அவள் இருதயம் தாங்காதென்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பழையபடி துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறாள். ஒரு தரமும் என்னைக் குறை சொல்லவில்லை. நனைந்த மிளகை மறுநாள் வெயிலில் போட்டிருக்கலாம் என்று நான்தான் தினமும் நினைக்கிறேன். அந்த மிளகை இரத்தோட்டைக் கடையில் விற்றேன். இருபத்தோராயிரத்து நானூறு ரூபா கிடைத்தது.