மெதுவாகச் சுற்றும் டிரில்

மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பர்மியப் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் புஷ்பலதா பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து வந்தாள். கணவன் கணேஷ்குமார் பீர் ஆலையில் வேலை பார்த்தவன். ஆலையை மூடிய பிறகு எந்த வேலையிலும் அவன் ஒட்டவில்லை. அவ்வப்போது வீட்டிலேயே பெரிய பானை வைத்துப் பீர் காய்ச்சுவான். அன்றைக்கு மட்டும் தானாக எழுந்து, சவரம் செய்து, சிரித்த முகமாக இருப்பான். அதற்காகவே அவள் தடுத்ததில்லை.

ஆனால் முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைக்கும் கைமில்லைச் சுற்றுவது அவள் வேலையாகிப்போனது. அவனுக்கு ஆலையில் அடிபட்ட தோள். அவளுக்கோ மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போய்விட்டாலும் மணிக்கட்டு வலி போகவில்லை. ஒருநாள் பாதி பார்லியிலேயே கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி என்னால ஆகாதுங்க."

"கொஞ்சந்தான் பாக்கி, லதா."

"எனக்கும் தெம்பு கொஞ்சந்தான் பாக்கி இருக்கு."

அவன் பார்லியைத் துணி போட்டு மூடினான். பிறகு பானையைத் தொடவே இல்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மில்லைச் சுற்றுவதைவிட அதைப் பார்ப்பது அவளுக்குப் பாரமாக இருந்தது. கைப்பிடிக்குப் பதிலாகத் துளைபோடும் டிரில்லை மாட்டினால் மில் தானாகச் சுற்றும் என்று அவன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லையும் ஒரு பை பார்லியையும் கூடையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி லான்மடாவ் கடைத்தெருவுக்குப் போனாள்.

கருவிக்கடை அப்துல் பாரியின் மகள் அவளிடம் படித்தவள். அதனால் அவருக்கு அவள் சயாமாதான், டீச்சரம்மா.

"வாங்க சயாமா. இது என்ன மில்லு?"

தொப்பி போட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"பார்லி உடைக்கிறது, பாய். அவரு வீட்டுல பீர் காய்ச்சுவாரு."

பாரியின் கை ஒரு கணம் நின்றது. "நீங்க உடைக்கிறது பார்லி. அதுக்கு மேல நான் கேக்கல," என்று சொல்லிவிட்டு டிரில்களை எடுத்து வைத்தார்.

முதலில் எடுத்தது சின்ன பேட்டரி டிரில். மில்லின் தண்டு அதன் வாய்க்குள் நுழையவில்லை. அடுத்த பேட்டரி டிரில் தண்டைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இரண்டு பிடி பார்லிக்குள் முனகிச் சூடாகிவிட்டது. மூன்றாவதைப் பிளக்கில் சொருகியதும் அது பறக்கிற வேகத்தில் சுற்றியது. பார்லி கீழே மாவாகக் கொட்டியது.

"இது வேணாம், பாய். உமி முழுசா இருக்கணும். தூளாயிடுச்சுன்னா சாறு வடியாதாம்."

கடைசியாகச் சுண்ணாம்பு கலக்குகிறவர்கள் வாங்கும் கனமான டிரில்லை எடுத்தார். அது மெதுவாக, விடாமல் சுற்றியது. உமி கிழியாமல் பார்லி இரண்டாக உடைந்து விழுந்தது.

"இதான் சரி. ஆனா கரண்டுலதான் ஓடும், சயாமா. போச்சுன்னா நின்னுடும்."

"நிக்கட்டும், பாய். அப்ப நாங்களும் உக்காந்துக்குவோம்."

வீட்டில் கரண்டு இல்லை. கணேஷ்குமார் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "பேட்டரியா வாங்கியிருக்கலாமே," என்றான். அவள் சேலைகூட மாற்றாமல் பாயில் சாய்ந்தாள்.

பிற்பகலில் தெருவில் பிள்ளைகள், "மீ லா பீ!" என்று கரண்டு வந்ததைக் கொண்டாடிக் கத்தினார்கள். அவன் பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது. தோளுக்குப் பாரமில்லாமல் டிரில்லைப் பெஞ்சோடு கயிறு போட்டுக் கட்டினான். சத்தம் முதலில் வீறிட்டது. பிறகு விசையை மெல்ல அழுத்தப் பழகிக்கொண்டான் போலும், தணிந்து சீரானது. கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது.

'லதா' என்று கூப்பிடுவான் என உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வரும்," என்றான்.

"வரட்டும்."

அவள் தூங்கிப்போனாள். விழித்தபோது கரண்டு வந்திருந்தது, பார்லி முழுக்க உடைந்திருந்தது. அவன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

பீர் பதமானதும் ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினான். "எப்படி இருக்கு?"

"கசக்குது."

பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் இன்னொரு மிடறு குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, டியூஷன் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கப் போனாள்.