பகலில் தூங்குகிறவருக்கு ஒரு வெள்ளைக் கூரை

கோம்திப்பூர் மோத்தி சாலியில் நாற்பத்தெட்டு வீடுகள். ஒரு காலத்தில் மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள், அதைத்தான் சாலி என்பார்கள். மில் போய்விட்டது, வீடுகள் மட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பதினேழாம் நம்பர் வீட்டில் தாஹிபென்னும் அவள் புருஷன் ரண்சோட்பாயும் இருந்தார்கள். ஒரே அறை. மூலையில் அடுப்பு, ஜன்னலடியில் தாஹிபென் கூலிக்குப் பெட்டிகோட்டு தைக்கிற மிஷின், மிச்ச இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டில்.

ரண்சோட்பாய் ஒரு துணிக் கிடங்கின் வாசலில் ராத்திரி காவல். காலை ஏழு மணிக்கு வருவார். கம்பு ரோட்டியை மோரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்வார். மற்ற மாதங்களில் தூக்கம் வந்தது. சித்திரை பிறந்துவிட்டால் பத்து மணிக்கெல்லாம் மேல்தளம் காய ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு மணிக்கு மல்லாந்து படுக்க முடியாது. மூஞ்சிக்கு நேரே அடுப்பைத் திறந்து வைத்தாற்போல் இருக்கும். மின்விசிறி அந்த அனலையே அள்ளி அள்ளிக் கீழே கொட்டும். எதிர்ப்பக்கத்து அடுக்குமாடியில் இருபது ஏசி மிஷின்கள் சந்துப் பக்கமாகவே மூச்சுவிடும்.

"அவங்க குளிர்றதுக்கு நாம வேகணும்போல," என்பாள் தாஹிபென்.

அவர் கட்டிலைத் தள்ளிப் பார்த்தார். ஈரச் சாக்கு விரித்துத் தரையில் படுத்தார். கடைசியில் கட்டிலுக்கு அடியிலேயே புகுந்து படுத்தார். தூக்கம் வரவில்லை. அந்த வருஷம் வைகாசியில் கிடங்கு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை தூங்கிப்போனார். இரண்டு தடவையும் சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். மூன்றாம் தடவை பார்த்தால் நாளைக்கு டிபன் டப்பா எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொல் வாங்காத மனுஷன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது தாஹிபென்னின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை மாட்டுகிற ஆணியைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் தாஹிபென் கீச்சியா அப்பளம் திருப்பிப் போட மாடிக்கு ஏறினாள். உச்சி வெயில். செருப்பைக் கீழேயே மறந்துவிட்டாள். தளத்தில் கால் வைத்ததும் சுரீர் என்றது. நின்றால் தோல் உரிந்துவிடும் என்று தாவித் தாவிப் போனவள், நடுவில் ஓரிடத்தில் கால் பட்டதும் நின்றுவிட்டாள். அங்கே சுடவில்லை. சூடு இருந்தது, ஆனால் நிற்க முடிந்தது. குனிந்து பார்த்தாள். போன தீபாவளிக்குச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வாளியைக் கழுவிக் கொட்டிய இடம். ஒரு முறத்தளவு வெள்ளைத் திட்டு.

அவள் ஒரு காலைத் திட்டில் வைத்தாள், இன்னொரு காலைக் கறுத்த தளத்தில் வைத்தாள். எடுத்தாள். மாற்றி வைத்தாள். கீழே சந்தில் போன அவள் சிநேகிதி ரோஷன்பீபி அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன தாஹி, நவராத்திரி வரைக்கும் பொறுக்கலையா? இப்பவே கர்பா ஆடற?" என்றாள்.

"ரோஷன், நீ மேல வா. செருப்பைக் கழட்டிட்டு வா."

"எனக்குப் புத்தி இருக்குடி. நான் வரல."

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் தாஹிபென். ஆனால் கால் சொன்னதை விளங்கிக்கொள்ள அந்தப் படிப்பு போதும். அன்று சாயங்காலமே சுண்ணாம்புக் கல் வாங்கி வந்து பழைய டிரம்மில் ஊறப் போட்டாள். அது கொதித்துப் புகைந்து அடங்க ஒரு ராத்திரி ஆயிற்று. விடியற்காலையில் தேங்காய்நார் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏறித் தளம் முழுக்க இரண்டு கை பூசினாள். ஏழு மணிக்கு வந்த ரண்சோட்பாய், அவள் முடியெல்லாம் வெள்ளையாக இறங்கி வருவதைப் பார்த்தார்.

"என்ன இது? ஒரே ராத்திரியில கெழவி ஆயிட்ட?"

"சாப்பிட்டுட்டுப் படுங்க. பேசாதீங்க."

படுத்தார். பத்து மணிக்குப் புரளவில்லை. பன்னிரண்டுக்கும் புரளவில்லை. ஒரு மணிக்குத் தாஹிபென் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். குறட்டை. வேறு எந்தச் சத்தமும் அவளுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

சாலியில் ஒரு விஷயம் ஒளிந்திருக்காது. முனையில் பான் கடை வைத்திருக்கிற நட்டுபாய் மறுநாளே ஆரம்பித்தான். பத்துப் பேர் நிற்கும்போது, சுண்ணாம்பு டப்பாவைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "சுண்ணாம்பை வெத்தலைக்குத் தடவித்தான் பாத்திருக்கேன். தாஹிபென் வீட்டுக்கே தடவிட்டா. இனி புகையிலையும் போட்டா மென்னுடலாம்."

அதற்குத் தாஹிபென்னும் சிரித்தாள். அடுத்துச் சொன்னதுதான் தைத்தது.

"ஏன் அண்ணி, புருஷன் உசிரோட இருக்கும்போதே வீட்டுக்கு வெள்ளைச் சேலை கட்டிட்டியே?"

கடை முன்னால் சிரிப்பு அடங்கிவிட்டது. தாஹிபென் பால் பாக்கெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அவர் உள்ள குறட்டை விடறார் நட்டுபாய். சந்தேகம் இருந்தா வந்து கேட்டுட்டுப் போ. செத்தவங்க குறட்டை விட மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அது வேறு விஷயம்.

எட்டாம் நாள் காலம் தப்பிய மழை ஒன்று வந்தது. அரைமணி நேரம்தான், ஆனால் ஆள் மேல் பகை வைத்ததுபோல் அடித்தது. தாஹிபென்னின் தளத்துச் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, குழாய் வழியே இறங்கி, சந்து முழுக்கப் பாலாறாக ஓடி, நேராகப் போய் நட்டுபாயின் கடைப் படியில் தேங்கியது. அவன் யாரையும் திட்டவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். "பாருங்க, தாஹிபென் வீட்டுக் கூரை. என் கடைக்கு வந்திருக்கு."

ரண்சோட்பாய் மறுபடி கட்டிலுக்கு அடியில் போனார். "விட்டுடு," என்றார். "இன்னும் ஒரு மாசம். மழை பிடிச்சுடும். அதுவரைக்கும் முழிச்சிருந்துடுவேன்."

"முழிச்சிருந்து முழிச்சிருந்துதான் ஸ்டூல்ல தூங்கினீங்க," என்றாள் அவள்.

விடவில்லை. வாசல் சுவரில் நாலு கட்டம் போட்டாள். ஒன்றில் வெறும் சுண்ணாம்பு. ஒன்றில் உப்புப் போட்டது. ஒன்றில் அரிசிக் கஞ்சி விட்டது. நாலாவதில் சிமெண்டுக் கடைக்காரன் சொன்னபடி சுண்ணாம்போடு வெள்ளை சிமெண்டும் தச்சர்கள் மரத்துக்குப் போடுகிற பசையும் கலந்தது. மூன்று நாள் காயவிட்டுத் தினமும் துணி துவைத்த தண்ணீரை வீசி அடித்துத் துடைப்பத்தால் தேய்த்தாள். வெறும் சுண்ணாம்பு முதல் நாளே போனது. உப்பு அடுத்த நாள். கஞ்சியில் எறும்பு ஏறி, கட்டெறும்பு வரிசை அடுப்படி வரை வந்துவிட்டது. நாலாவது கட்டம் அப்படியே நின்றது. விரலால் தேய்த்தாலும் வெள்ளை ஒட்டவில்லை.

அடுத்த நாளே தளத்தைக் கழுவிப் பாசி சுரண்டி மறுபடி பூசினாள். ரண்சோட்பாய் கட்டிலின் மேலே ஏறினார். அதற்குப் பிறகு கீழே போகவில்லை.

ஆனாலும் சாலியில் யாரும் அவளைப் பார்த்துப் பூசவில்லை. வெள்ளைச் சேலைப் பேச்சு அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பசையே தேவைப்படவில்லை. அது கழன்றது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

ரோஷன்பீபியின் மருமகள் ஷப்னம் எட்டு மாதக் கர்ப்பிணி. மூன்று வீடு தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். உடம்பு தீயாய்க் கொதித்தது. வேர்வை நின்றுபோயிருந்தது. ரோஷன்பீபி தலையில் அடித்துக்கொண்டு சந்துக்கு ஓடிவந்தாள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டாயிற்று. ஆனால் அந்தச் சந்துக்குள் அது எங்கே வரும்?

தாஹிபென் மிஷினிலிருந்து எழுந்தாள். "என் வீட்டுக்குத் தூக்குங்க."

நாலு பேர் தூக்கினார்கள். தூங்குகிற ரண்சோட்பாயை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அதே கட்டிலில் கிடத்தினார்கள். ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார்கள், விசிறினார்கள். வாசலில் கூடியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் முதலில் ஷப்னத்தைப் பார்த்தார்கள். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர்கள்போல், மேலே பார்த்தார்கள்.

"இங்க அனல் இல்லையே," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் பெரிய தெருவில் நின்று ஸ்ட்ரெச்சர் உள்ளே வருவதற்குள் பெண் கண் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தாய்க்கும் வயிற்றுக்குள் இருந்ததற்கும் பழுதில்லை. திரும்பி வந்த அன்று ரோஷன்பீபி தாஹிபென்னின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"மாடிக்கு வரச் சொன்னியே அன்னைக்கு. இப்ப வர்றேன். எப்படிக் கலக்கணும்னு காட்டு."

அதற்கப்புறம் பதினோரு நாள். காலை நாலரைக்கு வெளிச்சம் வருவதற்குள் பெண்கள் வாளியோடு ஏறிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்கள். முதலில் ரோஷன்பீபியின் தகரம். அதற்கடுத்து அங்கன்வாடி, அதை நடத்துகிற நயனாபென் பத்து மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள், இப்போது சாப்பாடு போட்டு ஒரு மணி நேரம் தூங்கவைத்து அனுப்பினாள். ஒரு வீட்டிலிருந்து சுண்ணாம்பு, ஒரு வீட்டிலிருந்து பசை, இல்லாதவர்கள் கை உழைப்பு. கலக்குவது மட்டும் தாஹிபென். வேறு யாரையும் டிரம்முக்கு அருகே விடமாட்டாள். பாசியைச் சுரண்டாமல் பூசினால் பிரஷ்ஷைப் பிடுங்கிவிடுவாள்.

"நீ பூசறியா, பௌடர் போடறியா? இறங்கு, நான் பாத்துக்கறேன்," என்று நயனாபென்னையே ஒருநாள் விரட்டினாள்.

நாற்பத்தேழு வீடு முடிந்தது. நாற்பத்தெட்டாவது நட்டுபாயுடையது. அவன் வந்து கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அவள் கடையைக் கடக்கும்போது, ஒரு வெற்றிலையை மடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "டிரம்ல மிச்சம் மீதி ஏதாவது இருந்தா... என் பொண்டாட்டி கேட்டா."

"மிச்சத்துல பூச மாட்டேன்," என்றாள் தாஹிபென்.

அவன் கை நின்றது.

"உன் வீட்டுக்குப் புதுசாத்தான் கலக்கணும். தளம் ரொம்பப் பெரிசு. நாளைக்கு நாலரைக்கு ஏணியப் போட்டு வை. நீயும் ஒரு பிரஷ் எடுத்துக்க."

அவன் எடுத்தான். பூசியதில் பாதி அவன் தலையில்தான் விழுந்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் வார்டு ஆபீசிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தான். கையில் துப்பாக்கிபோல் ஒரு கருவி. கூரையை நோக்கிப் பிடித்தால் சூடு எத்தனை என்று காட்டும். முதலில் பக்கத்துச் சந்தின் கறுத்த தளத்தைப் பிடித்தான். அறுபத்தொன்று. பிறகு மோத்தி சாலியைப் பிடித்தான். நாற்பத்துநாலு. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பிடித்தான். நாற்பத்துநாலுதான்.

"இது யார் சொல்லிக் கொடுத்தது பெரியம்மா? ஏதாவது அமைப்பா? பயிற்சி முகாமா?"

தாஹிபென் சேலையைக் கொஞ்சம் தூக்கி வலது காலைக் காட்டினாள். "இதுதான்."

அவன் சிரிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, இரண்டு தளத்திலும் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து தாஹிபென்னுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவன் மூலம்தான் மற்ற சாலிகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ராக்கியாலுக்குப் போனாள், பாபுநகருக்குப் போனாள். பெட்டிகோட்டுத் தையலை வாரத்தில் நாலு நாளாகக் குறைத்துக்கொண்டாள். முட்டி வலி வந்ததும் ஏணி ஏறுவதை மட்டும் ரோஷன்பீபியிடம் விட்டாள், கலவையை விடவில்லை. ரண்சோட்பாய்க்குக் கிடங்கிலிருந்து யாரும் அதற்குப் பிறகு ஒரு சொல் சொல்லவில்லை. அவர்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். லாரி டிரைவர்கள் வாசலில் காத்திருக்கும்போது, "என் வீட்டுக்காரி கலக்கினது" என்று ஆரம்பித்தால் லாரி உள்ளே போகும்வரை நிறுத்தமாட்டார். சூப்பர்வைசரே தன் அம்மாவின் வீட்டுக்குக் கலவை விவரம் எழுதி வாங்கிக்கொண்டு போனான்.

போன மாதம் தாஹிபென் பாபுநகரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். புது மேம்பாலம் வழியாகப் போகிற பஸ். அதில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ஜன்னல் வழியே கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. புழுதியும் துருவுமாகக் கிடந்த கூரைகளுக்கு நடுவில் ஓரிடம் மட்டும் முழுசாக வெள்ளையாக, துவைத்து விரித்துப் போட்ட வேட்டிபோல. அது எந்த இடம் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. அங்கன்வாடியின் வேப்பமரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாஹிபென் அவள் தோளைத் தட்டினாள். பெண் காதிலிருந்ததை எடுத்தாள்.

"என்ன பெரியம்மா?"

"அங்க பாரு மகளே. வெள்ளையா தெரியுதே, அது."

"ஆமா. என்ன அது?"

"அது நாங்க பூசினது," என்றாள் தாஹிபென். "நாற்பத்தெட்டு வீடு."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். பஸ் பாலத்தை விட்டு இறங்கும்வரை இரண்டு பேரும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.