பேட்டரித் தண்ணி

வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியைக் கண்ட இடத்தில் போட மனமில்லை. ஈயத்தை முறையாகப் பிரிக்க அனுப்பும் கடையைப் பெருமாள்மலையில் தேடிப் பிடித்து, காலையில் எங்கள் ஊர் பேத்துப்பாறையிலிருந்து ஜீப்பில் ஏற்றிவிட்டேன். பெருமையாகவே இருந்தது.

மதியம் கடைக்காரர் போன் செய்தார். "பேட்டரி வந்திருச்சுங்க. உள்ள ஆசிட்டே இல்லையே?"

ஜீப்காரரைக் கேட்டேன்.

"அந்தத் தண்ணியாங்க? வளைவுல சிந்தி சீட்டு பாழாயிரும்னு நம்ம ஓடையிலயே ஊத்திட்டேன். தண்ணி சிந்தாமப் பாத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க!"

நான்தான் சொன்னேன். இங்கே எல்லோருக்கும் அது தண்ணிதான். ஈயம் கலந்த ஆசிட் என்று சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டுக் குழாய்க்கும் அந்த ஓடையிலிருந்துதான் ஹோஸ் வருகிறது.

டீக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைக்கவா, வேண்டாமா?