மூன்றே காட்சியில் வந்த அப்பா

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று ராக்கெட் என்று பேரெடுத்த ஆளுடையது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரிடம் ஒருதரம் கையை நீட்டியவர்களைக் கேட்டால் தெரியும். இன்னொன்று வலிக்காதக்காவுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அதே நாற்காலி. ராக்கெட் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, இவள் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். "நாங்க வெயிட் பண்றோம், அக்காவே எடுக்கட்டும்" என்பார்கள். அதைக் கேட்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. இருக்காதா பின்னே?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. நரம்பை விரலால் தடவிக்கொண்டே, "உங்க வீட்டுல ஜாஸ்தி பொய் சொல்றது யாரு?" என்று கேட்பாள். ஆள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் குழாய் நிறைந்து, பஞ்சும் வைத்தாகிவிடும். பெண்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை, "எங்க வீட்டுக்காரர்தான்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கைதான் நாலு மாசமாக நடுங்குகிறது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள். அப்புறம் காபியால்தான் என்று காபியை விட்டாள். காபி போனதுதான் மிச்சம். நரம்பு டாக்டர் இரண்டு மாடி மேலேதான் இருக்கிறார். லிஃப்டில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிவிட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வாள். காட்டினால் வியாதியென்று எழுதிவிடுவார். எழுதினால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனபிறகு, தான் யார்? நினைத்தாலே அவளுக்கு பயமாக இருந்தது.

அதனால் குழந்தைகளையும், நரம்பு கிடைக்காத வயசாளிகளையும் ஏதாவது சாக்குச் சொல்லி ராக்கெட் பக்கம் தள்ளிவிட்டாள். மற்றவர்களுக்கு, மணிக்கட்டை அவர்கள் கைமேலேயே அழுத்தி ஊன்றிக்கொண்டு எடுத்தாள். ஊன்றினால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனது அவளுக்குப் பிடித்த அந்த நடிகருக்காக. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு நடிகர் என்றால் அவர்தான், மற்றவர்களெல்லாம் சும்மா. அவர் வாயையே திறக்க வேண்டாம், வலது கை பேசும். கோபம் வந்தால் சுண்டுவிரல் மட்டும் அசையும். அதற்கே தியேட்டரில் விசில் பறக்கும். கல்யாணமான புதிதில் இதைப் போய்ப் புருஷனிடம் சொல்லித் தொலைத்தாள். அன்றையிலிருந்து அவருக்கு அந்த நடிகர் "உன் ஆளு". ஆறு வருஷமாக உன் ஆளுக்குப் படமே இல்லை. இப்போது ஒரு காதல் காமெடியில் கதாநாயகிக்கு அப்பாவாக மூன்றே காட்சி. போஸ்டரில் முகம்கூடப் போடவில்லை, பாவிகள்.

"மூணு சீனுக்கு ரெண்டு டிக்கெட்டா?" என்று முனகிக்கொண்டே புருஷன் கூட வந்தார்.

முதல் காட்சியில் நடிகர் செய்தித்தாளைச் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது அவர் உட்காரும் விதமில்லையே என்று அவளுக்கு என்னவோ போலிருந்தது. இரண்டாவதில், பெண் கேட்டு வந்த கதாநாயகன் கைகுலுக்கக் கையை நீட்டினான். அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடி அவன் அசடு வழிய, தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

"கெத்துதான்டி உன் ஆளு!" என்று புருஷன் தொடையில் தட்டினார்.

அவள் கண் அந்தப் பையிலேயே இருந்தது. பையின் துணி லேசாக அசைந்துகொண்டே இருந்தது. அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அதைப் பார்த்தாள். மூன்றாவதில், மகளை வழியனுப்பும்போது அவள் தோளில் கை வைத்தார். வைத்தாரா? அழுத்தி ஊன்றினார். ஐயோ, ஊன்றுகிறாரே என்று அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது.

விளக்கு போட்டபோது அவள் முகமெல்லாம் ஈரம். புருஷன் பதறிப்போனார்.

"என்னம்மா இது? எவ்ளோ பெரிய நடிகர், மூணு சீன்ல போட்டுட்டாங்களேன்னா அழற?"

"ஆமாங்க" என்றாள். வேறென்ன சொல்வாள்?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அந்த நடிகர்மேல் இரக்கம் போய் ஒரு கட்டத்தில் கோபம்கூட வந்தது. அவருக்கென்ன, பை வைத்த கோட்டு தைத்துத் தர ஆள் இருக்கிறது. கை நடுங்கினால் தியேட்டர் சிரிக்கும், யாருக்கும் காயமில்லை.

திங்கட்கிழமை காலை வரிசையில் ஆறு வயசுப் பெண் குழந்தையோடு ஒரு தாய் நின்றாள்.

"கண்ணு, அந்த மாமாகிட்ட போ" என்று இவள் ஆரம்பித்தாள்.

"வேணாங்கக்கா. போன தடவை அவர் ரெண்டு தரம் குத்திட்டார், ராத்திரியெல்லாம் அழுதா. உங்ககிட்டதான்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

"தாராளமா எடுங்கக்கா, எனக்கென்ன?" என்றார் ராக்கெட், கொஞ்சம் கடுப்போடு.

குழந்தை தானே கையை நீட்டியது. பென்சில் பருமன் கை. ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை எடுத்தாள். ஊசி முனை ஆடியது. ஊன்றிக்கொண்டால் எடுத்துவிடலாம், இத்தனை நாள் எடுக்கவில்லையா? குழந்தை ஊசியைப் பார்க்கவில்லை, பயமே இல்லாமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊசியைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். பட்டையை அவிழ்த்தாள்.

"என்னால முடியாதும்மா. என் கை நடுங்குது."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள், அறை முழுக்கக் கேட்டுவிட்டது. ராக்கெட் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அந்தத் தாய்தான் பரிவோடு முன்னால் குனிந்தாள்.

"காலையில சாப்பிடாம வந்துட்டீங்களாக்கா? பரவாயில்ல, நாங்க நாளைக்கு வரோம். உங்ககிட்டயே எடுத்துக்கறோம்."

"நாளைக்கும் நடுங்கும்மா" என்றாள் வலிக்காதக்கா.