டப்பா வண்டியும் மஞ்சள் தொண்டை மரநாயும்

டப்பா அக்கா வேலைக்கு வருவது, அவள் வண்டி காட்டு வளைவில் திரும்பும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்த டப்பா ஸ்கூட்டரின் சைலன்சரில் ஒரு விரிசல். அந்த வண்டி ஓடும் என்று சொல்வதைவிடக் கத்திக்கொண்டே நகரும் என்று சொல்வதுதான் நியாயம். கட்டிக்கொண்டவனோ வண்டி பழுதுபார்க்கிற மெக்கானிக். ஊரார் வண்டியெல்லாம் அவன் கை பட்டால் பூனை மாதிரிப் போகும்; சொந்தப் பெண்டாட்டியின் வண்டி மட்டும் ஊரைக் கூட்டும். கேட்டால், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ என்றால் அவள் கேட்டால்தானே என்பான். ஒரு நாள் விட்டால் என் பிள்ளைகளுக்கு யார் சாப்பாடு போடுவது என்று அவள் திருப்பிக் கேட்பாள். வீட்டில் இருக்கிற இரண்டையும் அவள் சொல்லவில்லை. அதுகள் தானே முட்டை அவித்துத் தின்னக் கற்றுக்கொண்டு வெகுகாலமாயிற்று.

அவள் சொன்ன பிள்ளைகள் காட்டோரத்து மீட்பு நிலையத்தில் இருந்தார்கள். கம்பி வலை அடித்த கூண்டுகள், பின்னால் ஒரு சமையலறை. சமையலறை என்றால் அடுப்பு கிடையாது. ஒரு பழைய உறைபெட்டி, இறைச்சி வெட்டும் பலகை, தராசு, வாசலில் காலை நனைத்துவிட்டு நுழைய மருந்துத் தண்ணீர்த் தட்டு, அவ்வளவுதான். சிறகொடிந்த கழுகு, கண்ணியில் கால் போன காட்டுப்பூனை என்று யார் வந்தாலும் அங்கேதான் வருவார்கள். வந்தவர்களுக்கு வைத்தியம் டாக்டரம்மா பார்ப்பாள். தீனி, கழுவுதல், திட்டுதல் மூன்றும் அக்காவின் பொறுப்பு.

ஒரு நாள் சாலை அகலப்படுத்துகிற வேலையாள் ஒருவர், தலையில் போட வேண்டிய தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே கண் திறந்தும் திறக்காத ஒரு குட்டி. மரத்தை வெட்டிச் சாய்த்தபோது பொந்தில் இருந்ததாம். தாய் ஓடிவிட்டதாம். டாக்டரம்மா குட்டியை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. திரும்ப அங்கேயே கொண்டுபோய், விழுந்த மரத்தருகில் ஒரு கூடையில் வைத்துவிட்டு, அக்காவோடு புதருக்குள் பொழுதெல்லாம் காத்திருந்தாள். பக்கத்தில் இயந்திரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. எந்தத் தாய் வரும்? இருட்டுவதற்குள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அது மஞ்சள் தொண்டை மரநாய். பேரில்தான் நாய். வளர்ந்தாலும் பூனையைவிடக் கொஞ்சம் நீளம், உடம்பளவுக்கு வால், கழுத்துக்குக் கீழே எலுமிச்சை நிறம். பகலில்தான் வேட்டை. மரத்துக்கு மரம் தாவி அணிலைத் துரத்தும், பறவைக் கூட்டைக் கலைக்கும், தேன் நக்கும், பழமும் தின்னும். உடம்பு இத்தனூண்டு, ஆனால் ஒன்று பிழைக்க ஒரு மலைச்சரிவே வேண்டும். குட்டி போட வயதான மரத்தில் பொந்து வேண்டும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இது அத்தனையையும் அந்தச் சாலை நடுவில் கிழித்துப் போட்டிருந்தது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டித் தர வைக்கவே டாக்டரம்மா நாயாய்ப் பேயாய் அலைந்திருந்தாள்.

"இந்தச் சரிவுல வெச்ச காமிராவுல எல்லாம் ஒரே ஒரு ஆண்தான்கா திரும்பத் திரும்ப வருது," என்றாள் டாக்டரம்மா. "இது பொண்ணு. இது காட்டுக்குத் திரும்பினாதான் இங்க மரநாய்னு ஒண்ணு மிச்சமிருக்கும்."

அக்கா தராசை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

மனுஷ வாடையே படாமல் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். மனிதரைக் கண்டு ஓடாத மிருகம் காட்டில் நிலைக்காது. அதனால் அக்கா உள்ளே போகும்போதெல்லாம் தலையிலிருந்து கால்வரை ஒரு சாம்பல் போர்வை, முகத்துக்கு வலை, இலைச் சருகில் தேய்த்த கையுறை. வாய் திறக்கக் கூடாது. இதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. சுவரோடுகூடப் பேசுகிறவள் அவள். அங்கே பேசாததையெல்லாம் சேர்த்து வைத்து என் தலையில் கொட்டுகிறாள் என்று புருஷன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். குட்டி வளர்ந்ததும் பெரிய கூண்டுக்கு மாற்றினார்கள். உள்ளே நிஜ மரங்கள், கயிறுகள், ஒரு பொந்து. தீனியைத் தட்டில் வைக்கக் கூடாது, தேட வேண்டும். எனவே அக்கா வண்டியைத் தகரக் கொட்டகையில் நிறுத்துவாள், போர்வையைப் போர்த்துவாள், மறைப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து இறைச்சித் துண்டுகளைக் கிளைகளுக்கு மேலே வீசுவாள். மரநாய் தாவித் தாவிப் பொறுக்கும். கூண்டுக்குள் நுழைந்த எலி ஒன்றை ஒரு நாள் அதுவே பிடித்தபோது, டாக்டரம்மாவும் அக்காவும் சுவருக்குப் பின்னால் சத்தம் வராமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

முகத்தை மறைத்தார்கள், குரலை மறைத்தார்கள், வாடையை மறைத்தார்கள். படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அவர்களுக்குப் புரியவில்லை. தினமும் கேட்கிற சத்தம் காதுக்குச் சத்தமாகவே படாது.

கூண்டுக் கதவைத் திறந்துவிட்ட நாளில் மரநாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அதில் ஏக சந்தோஷம். பெற்றவளை மறந்த பிள்ளை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். சில நாள் கழித்துக் கயிற்றுப் பாலத்துக் காமிராவில் அதன் படம் விழுந்திருந்தது. வாலை நீட்டிக்கொண்டு, சாலைக்கு மேலே, யாரையும் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த படத்தில், அதே கயிற்றில், பின்னாலேயே அந்த ஆண். டாக்டரம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினாள். அக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்குப் பேசவே இடம் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ரொட்டிக்காரர் வந்தார். மலைக்கு மேலே கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். அவர் வண்டியும் ஒரு பழைய ஸ்கூட்டர்தான், அதுவும் கத்தும். வளைவில் பெட்டியை இறுக்கிக் கட்டுவதற்காக நிறுத்தினாராம். மரத்திலிருந்து மஞ்சள் கழுத்தோடு ஒன்று இறங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததாம். பாவமே என்று ஒரு துண்டு ரொட்டி போட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்கா உடனே கிளம்பிப் போனாள். வளைவில் வண்டியை நிறுத்திய மாத்திரத்தில் மேலே இலைகள் அசைந்தன. மரநாய் தலைகீழாக இறங்கி வந்தது. அவள் வண்டியை விட்டு ஓரடி நகர்ந்ததும் பயந்து பின்வாங்கியது. அவளிடம் பயப்படுகிறது! அந்த ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அது ஓடவில்லை. அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு வண்டியின் பின் சக்கரத்தருகே வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, வண்டியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, அண்ணாந்து கிளைகளைப் பார்த்தது. மேலேயிருந்து இறைச்சி விழும் என்று காத்திருந்தது.

அக்காவுக்கு வண்டியைக் கிளப்பவும் பயம், கிளப்பாமல் நிற்கவும் பயம். கடைசியில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நிலையத்துக்கு நடந்தே வந்து டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் மறைச்சோம், வண்டிய மறைக்கத் தோணலயே," என்றாள். "எனக்கும் தோணலக்கா. பழிய உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க."

சொல்லிவிட்டாள். போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

முதலில் விரட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பயம் வந்தால் சாலைப் பக்கம் வராது. அக்கா வளைவில் நின்று, அது இறங்கி வந்ததும் கல்லெடுத்து வீசினாள். மேலே படக் கூடாது, பக்கத்தில் விழ வேண்டும். கல் புதரில் போய் விழுந்தது. மரநாய் துள்ளிப் பாய்ந்து அந்த இடத்துக்குப் போய் முகர்ந்து தேடியது. அடுத்த கல்லை மரத்தில் எறிந்தாள். மரத்தில் ஏறித் தேடியது. வீசுவதைத் தேடித் தின்னத்தானே அவள் பழக்கியிருந்தாள். எத்தனை கல் போட்டும் ஒன்றிலும் ஒன்றும் இல்லாததைக் கண்டு, அது திரும்ப வந்து பழையபடி அண்ணாந்து உட்கார்ந்தது. அவள் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று மாலையே வண்டியைப் புருஷனின் கடையில் விட்டாள். அவன் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. புது சைலன்சரை மாட்டிக் கொடுத்தான். மறுநாள் முதல் அக்கா வருவது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் வண்டி ஒன்றின் வாயை அடைத்து என்ன ஆகப்போகிறது? ரொட்டிக்காரர் வண்டி கத்தியது. கறிகாய் ஏற்றுகிறவர் வண்டி கத்தியது. ஊரில் பாதி வண்டி அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் அது இறங்கி வந்து, ஆட்களிடமிருந்து தள்ளி, வண்டியருகே உட்கார்ந்தது. வந்தால் யாராவது எதையாவது வீசினார்கள். படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்து வேறு ஆட்கள் வந்தார்கள். தீனி போடாதீர்கள் என்று டாக்டரம்மா பலகை நட்டாள். அந்தப் பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் பிஸ்கட்டை வீசினார்கள். அக்கா நடுச்சாலையில் நின்று கத்தினாள். கெஞ்சினாள். ஒரு குழந்தையின் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கியே விட்டாள். இவ்வளவு அன்பாகப் பழகுகிற மிருகத்தைப் போய் ஏன் பட்டினி போடுகிறாய், உனக்கு மனசே இல்லையா என்று அந்தக் குழந்தையின் அம்மா கேட்டாள்.

ஒரு லாரி அதன் வால் நுனியில் ஏறிப் போனது. வாலோடு போயிற்றே என்றுதான் நினைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டாக்டரம்மா யோசிக்கவில்லை. பிடித்துக் கூண்டில் வைத்துவிடலாம் என்றாள். பிடித்தால் இனி விட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பொறிக்கூண்டு வைத்துப் பார்த்தார்கள். வீசுகிற ரொட்டி இருக்கும்போது கூண்டுக்குள் எதற்குப் போகும்? கடைசியில் அக்கா புருஷனின் கடைக்குப் போனாள். அந்தப் பழைய சைலன்சரை எடைக்குப் போட்டாயிற்றா என்று கேட்டாள். அவன் சுவரில் கைகாட்டினான். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பழைய இரும்புக்காரன் கேட்டான், குடுக்கல," என்றான். "ஏன்னு எனக்கே தெரியல."

அதையே மாட்டினான். அக்கா மறுபடியும் கத்திக்கொண்டே வளைவுக்குப் போனாள். சாலையை விட்டு உள்ளே, மரத்தடியில் திறந்த கூண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். சாம்பல் போர்வையைப் போர்த்திக்கொண்டு புதருக்குப் பின்னால் நின்றாள். அது வந்தது. நுனி போன வாலோடு கிளை கிளையாக, வேறெந்த வண்டிக்கும் வராத வேகத்தில் வந்தது. ஒரு துண்டு இறைச்சியைக் கூண்டுக்குள் வீசினாள். கொஞ்சமும் தயங்காமல் உள்ளே போனது. கதவு விழுந்தது. மரநாய் சீறவில்லை, கம்பியைக் கடிக்கவில்லை. இறைச்சியைத் தின்றுவிட்டு அண்ணாந்து பார்த்தது. கடித்துத் தொலையேன் என்று அக்கா மனதுக்குள் மன்றாடினாள்.

பெரிய கூண்டு திரும்பவும் அதற்கே ஆயிற்று. கயிற்றுப் பாலத்துக் காமிராவில் அந்த ஆண் மட்டும் போய் வந்துகொண்டிருக்கிறது, தனியாக. இனி மறைக்க ஒன்றுமில்லை, போர்வை வேண்டாம், பேசலாம், ஆசைதீரக் கொஞ்சலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அக்கா முதல்முறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே போனாள். "கண்ணு," என்றாள்.

மரநாய் அலறிக்கொண்டு ஓடிப் பொந்துக்குள் புகுந்தது. அவள் வெளியே போகும்வரை தலை காட்டவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மனிதரைக் கண்டால் ஓட வேண்டும் என்று அவள் கற்றுக்கொடுத்ததை மட்டும் அது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் கற்றிருந்தது.

அக்கா வெளியே வந்தாள். கொட்டகைக்குப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினாள். பொந்திலிருந்து மஞ்சள் கழுத்து எட்டிப் பார்த்தது. ஓடி இறங்கி வந்து கம்பி வலையில் இரண்டு முன்னங்காலையும் ஊன்றிக்கொண்டு வண்டி நின்ற திசையில் நின்றது. அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டாள்.

மாலையில் புருஷன் வண்டியைப் பார்த்தான். எல்லாம் முடிந்ததே, புது சைலன்சரைத் திரும்ப மாட்டிவிடட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம்," என்றாள் அக்கா. "அதுக்கு என்னைத் தெரியாது. இதைத்தான் தெரியும்."