ஸ்கூட்டர் சாவி தராத நர்ஸ்

மயக்கம் முழுதாகத் தெளிந்துவிட்டதா என்பதை, மயக்க ஊசி போட்டுக்கொண்டவரே எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை ஒரகடத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு எண்டோஸ்கோபி. முடிந்து அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன்.

நர்ஸ் தரவில்லை. "நாளைக்கு வரைக்கும் வண்டி ஓட்ட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக்கீறீங்களே மேடம்."

"நான் தெளிவாத்தான் இருக்கேன். வேணும்னா பதினேழாம் வாய்ப்பாடு சொல்றேன்."

"வெளிய கண்டெய்னர் லாரி போய்க்கினே கீது. அவன் இன்னா, வாய்ப்பாடா கேக்கப் போறான்? வூட்டுக்காரருக்கு போன் போடுங்க."

கணவர் வந்து காரில் அழைத்துப் போனார். நர்ஸைப் பற்றி ஒரே புகாரை நான்கு முறை சொன்னேனாம். நான் நம்பவில்லை.

இன்று காலை தொழிற்சாலைக்குப் போனால், என் பொறுப்பில் இருக்கும் உற்பத்தி லைனில் ஆறு பேரைக் காணோம்.

"நேத்து மதியம் நீங்கதானே மேடம் எல்லாருக்கும் லீவு ஓகேன்னு மெசேஜ் போட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஓகே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரோஜாப்பூ. இத்தனை வருட வேலையில் நான் யாருக்கும் பூ அனுப்பியதில்லை.

மாலை வரை லைனில் நானே நின்றேன். நேற்று என்னிடமிருந்து வேறு யாருக்காவது அனுமதி வந்திருந்தால், தயவுசெய்து இப்போதே சொல்லிவிடவும்.