ஜன்னல் இருந்த பக்கம்

அறுபதுகளின் கடைசியில் கொரட்டூர்ப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தேன். இங்கிலீஷ் வகுப்பில் தமிழே பேசக் கூடாது, பொருளைக் காட்டித்தான் சொல்லித்தர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் பிடிவாதமாக அப்படியே செய்தேன்.

எனக்கோ ஓரிடத்தில் கால் தரிக்காது. குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே, "தட் இஸ் எ விண்டோ" என்று இடது பக்கம் குச்சியை நீட்டுவேன். நாற்பது பிள்ளைகளும் கையை நீட்டிக் கத்துவார்கள். ரயில் போனால், அந்தச் சத்தத்தையும் மிஞ்சிக் கத்தச் சொல்வேன். இரண்டு மாதம் தினமும் இதே கூத்துதான்.

இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்த அன்று மழையில் எங்கள் கூரை ஒழுகியது. எதிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காலையிலிருந்தே சாக்பீஸை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "விண்டோ?" என்று கேட்டதுதான் தாமதம், நாற்பது கைகளும் இடது பக்கம் நீண்டன.

"தட் இஸ் எ விண்டோ!"

அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. அந்த அறையில் ஜன்னல் வலது பக்கம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பயிற்சியாவது ஒன்றாவது! முதல் வரிசையில் இருந்த பெண்ணிடம், "அங்க எங்கடி ஜன்னல் கீது?" என்று அவள் பாஷையிலேயே சீறினேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"விண்டோன்னா ஜன்னலா, டீச்சர்?"